ரோவீனா கட்டிய மேடு

ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்து ஊர் ஹெரன்ஸ் அணியின் சொந்த மைதானம் மூழ்கிப்போனது. அந்தக் கோடை முழுக்க அவர்கள் எங்கள் கல்லூரி பேஸ்பால் மைதானத்தில்தான் ஆடினார்கள். பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே, சம்பளத்துக்கு ஆடுகிற அணி. எங்கள் அயோவா ஊரில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

மைதானத்தின் மண்ணும் புல்லும் ரோவீனா ஸ்லாவிக் பொறுப்பு. நான் பத்தொன்பது வருஷமாக அங்கே ஸ்கோர்போர்டில் எண் மாற்றுகிறவன்.

ரோவீனா புல் வெட்டும் வண்டி ஓட்ட வந்தவர். தலைமைப் பராமரிப்பாளர் திடீரென்று போய்விட, "ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க" என்றது கல்லூரி. ஆள் தேட யாரும் மெனக்கெடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

முதல் ஆட்டத்தன்று ஹெரன்ஸின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் கோல்பி, பந்து வீசும் மேட்டில் ஏறி இரண்டு மிதி மிதித்தான்.

"மேடு தாழ்வா இருக்கு. காலேஜ் பசங்களுக்குக் கட்டினதுதானே!"

அணி மேனேஜர் கஸ் டார்ல்டன் ரோவீனாவிடம் வந்தார். "கொஞ்சம் ஏத்திக் குடுங்க மேடம். அவன் பேசறதக் கேக்க முடியல."

"அளந்து பாத்துட்டுப் பேசலாமே."

கயிறும் ரசமட்டமும் வந்தன. மொத்த அணியும் சுற்றி நின்றது. விதிப்படி பத்து அங்குலம். அளவும் பத்து. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"அப்போ எங்க ஊர் மேடு?" என்றார் கஸ்.

"அத நான் கட்டலயே."

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோல்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் தோத்தா உங்க மண்ணுதான் காரணம்."

"ஜெயிச்சா?" என்றார் ரோவீனா.

அன்று அவன் செம அடி வாங்கினான். மூன்றே இன்னிங்ஸில் எதிரணிக்கு ஏழு ஓட்டம்; பேஸ்பாலில் அது எக்கச்சக்கம். எண் மாற்றி மாற்றி என் தோள் வலித்தது. வெளியே போகும்போது மேட்டை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் போனான். ரோவீனாவின் கணவர் லியோ, ஊர்த் தபால்காரர், பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தே விட்டார். ரோவீனா கையசைத்து உட்கார வைத்தார்.

வழக்கமாக ஆட்டம் முடிந்ததும், பந்து வீசுகிறவர்கள் கால் பட்டு மேட்டில் விழுந்த குழிகளை ரோவீனா நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து மூடிவிடுவார். அன்று கோல்பி வெளியேறிய இடைவெளியில் மைதானத்துக்குள் இறங்கி, அவன் கால் பதித்த குழிகளைப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை பயிற்சிக்கு வந்தவனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது நீ கால் வெச்ச எடம். எத்தன குழி?"

அவன் முறைத்தபடியே எண்ணினான். "மூணு."

"நல்லா வீசறவனுக்கு ஒண்ணுதான் இருக்கும். உங்க ஊர் மேடு உசரம். இங்க தரை உன் காலுக்குச் சீக்கிரம் வந்துடுது. நீ அத நம்பாம ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல வெக்கிற. பெரிய லீகுக்குப் போனா எல்லா ஊர்லயும் பத்து அங்குலந்தான் தம்பி."

கோல்பி படத்தில் இருந்த குழிகளை இன்னொரு தரம் எண்ணினான். பிறகு, "உதைச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"அத மண்ணுகிட்டச் சொல்லு. மண்ண மட்டமாக்குற ரேக் அங்க இருக்கு."

அதன் பிறகு தினமும் அரைமணி முன்னதாகவே வந்தான். ஜூன் முடிவதற்குள் மேட்டில் ஒரே குழி. ஆகஸ்டில் மேல்நிலை அணி அவனை அழைத்துக்கொண்டது. புறப்படும் முன் அணியின் சின்னமான கொக்குப் படம் போட்ட தன் தொப்பியை ரோவீனாவின் கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் கஸ் மைக்கை வாங்கினார். "இந்தக் கோடையில எங்க பசங்க ஒருத்தன்கூடத் தரையால அடிபடல. ஒரு ஆட்டம்கூட மழையால போகல. அதுக்குக் காரணமான ஆளு தார்ப்பாய்க்குப் பின்னால ஒளிஞ்சிருக்காங்க. இழுத்துட்டு வாங்கடா!"

மூவாயிரம் பேர் எழுந்து நின்றோம். ரோவீனா சேறு அப்பிய பூட்ஸோடு மேட்டருகே நின்றார். ஏறவில்லை. அப்போதுதான் மட்டப்படுத்தியிருந்தாராம்.

ஹெரன்ஸ் அணியினர் அவரை வேலைக்கும் கூப்பிட்டார்கள். ரோவீனா போகவில்லை. ஆனால் அவர்களின் புது மைதானத்துக்குப் பத்து நாள் போய், அங்கே மேட்டைத் தன் கையால் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். இப்போது ஹெரன்ஸ் ஆட்டம் டிவியில் வந்தால், ஊர் மதுக்கடையில் யாராவது ஒருவர் திரையில் விரல் வைத்துச் சொல்லாமல் இருப்பதில்லை: "அந்த மேடு நம்மளோடது."