சூசைக் கிலோ

நேற்று மன்னார்ச் சந்தையில் ஒரு கிலோ பாரைமீன் கேட்டேன். தராசில் பச்சை வெளிச்சத்தில் இலக்கம் விழுந்தது. "சூசைக் கிலோதானே தம்பி?" என்று பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "அது எந்தக் கடை, அண்ணை?" என்றார் மீன்காரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையை நீட்டினேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்காது. சூசை அண்ணன் எங்கள் தலைமன்னார் ஆள். கரைவலை இழுத்த கையோடு குத்துச்சண்டைக்குப் போனவர். பதினேழு வருடம் அதுதான் தொழில். கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று மேடை மேடையாக ஏறினார். ஹெவிவெயிட் என்கிற பெரிய எடைக்காரர் பிரிவு. மூக்கு மூன்று தரம் உடைந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அது வேறொரு பக்கம் திரும்பியிருக்கும்.

மீன் வாசம் வந்தால் எனக்குக் கடற்கரையில் கொட்டகையாக நின்ற ஒரு வாடிதான் நினைவு. பள்ளிக்கூடம் முடித்ததும் மீனவர்களிடம் மீன் நிறுத்து வாங்கும் ஒரு சம்மாட்டியின் மீன்வாடியில் நிறை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆள் ஏறி நிற்கக்கூடிய பெரிய இரும்புத் தராசு. பத்துக் கிலோ வைத்தால் ஒன்பதுதான் காட்டும். சம்மாட்டி பார்த்த வேலை. எனக்குத் தெரியும். ஆனால் ஆட்களின் முகம் பார்த்துப் பேசவே கூசுகிற நானா சொல்லப்போகிறேன்?

முப்பத்தொன்பது வயதில் சூசை அண்ணனுக்குக் கொழும்பில் கடைசிச் சண்டை. தொண்ணூற்றொரு கிலோவுக்குக் குறைந்தால் மேடையேற்ற மாட்டார்கள். எங்கள் தராசில் ஏறினார். எண்பத்திரண்டு.

"காய்ச்சல் என்னை உருக்கிப் போட்டுது" என்று முகம் கறுத்தார். உண்மையில் அவர் நிறை சரியாகத் தொண்ணூற்றொன்று இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழும் திருக்கைக் கறியுமாக ஊரே அவருக்கு ஊட்டியது.

புறப்படுவதற்கு முதல்நாள் தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. எல்லாரும் விசிலடித்தார்கள். அண்ணனுக்கோ தராசை விட்டு இறங்கவே மூச்சு வாங்கியது. இந்த மூச்சோடு போய் அடி வாங்கப்போகிறாரே என்று நினைத்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அண்ணை, இது பொய்த் தராசு. நீங்கள் இப்ப நூற்றொரு கிலோ!"

"என்னடா உளறுறாய்?" என்றார் சம்மாட்டி.

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்னம் சொல்லியிருந்தா அந்தக் கூழில அரைவாசி குடிச்சிருக்க மாட்டனே, மடையா." பிறகு சம்மாட்டியிடம் திரும்பினார். "இதை நேராக்கி வையுங்கோ. வந்து ஏறிப் பாப்பன்." அந்தக் கைகளைப் பார்த்தபின் யார் மறுத்துப் பேசுவார்?

"நீயும் வா. என்ர நிறை தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்" என்று என்னையும் கொழும்புக்கு இழுத்துப் போனார்.

எதிராளி இளந்தாரிப் பையன். சுற்றிச் சுற்றி ஆடினான். "என்னால ஓடேலாது. அவன் சுத்திக் களைக்கட்டும்" என்று அண்ணன் நங்கூரம் போட்ட வள்ளம்போல நடுவில் நின்றார். ஆறு சுற்றும் வாங்கிக்கொண்டார். ஏழாவதில் அவன் மூச்செடுக்க நின்ற ஒரு கணத்தில், நூற்றொரு கிலோவும் ஒரே குத்தில் இறங்கியது. அவன் எழும்பவில்லை. நான் கதிரைமேல் ஏறி நின்று கத்தினேன். நானா அது என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

ஊருக்கு வந்ததும் மாலையோடு நேரே வாடிக்குப் போய்த் தராசில் ஏறினார். நூறு காட்டியது. தராசு நேராகியிருந்தது; குறைந்த ஒரு கிலோ கொழும்பு மேடையில் வியர்வையாகப் போனது. கரை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு எந்த வாடியிலும், "சூசைக் கிலோவில நிறுங்கோ" என்றால் பொய்யில்லாத நிறை என்று அர்த்தம்.

அந்த வாடி இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல். அண்ணன் கண்மூடி ஆறு வருடமாகிறது. நேற்று வீட்டுக்கு வந்து பாரையை வேறொரு தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ. கிலோவுக்கு முன்னால் ஓர் ஆளின் பெயர் தேவைப்பட்ட காலம் முடிந்துவிட்டது. அண்ணன் வென்ற கடைசிச் சண்டை அதுதான்.