சாமி அலமாரியில் இருந்த மருந்து டப்பா

நான் எட்டாவது வரை படித்தவன். பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் வீடு, ஸ்கூல் வேன் ஓட்டும் வேலை. வேனில் முதலுதவிப் பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது இன்ஸ்பெக்டர் அதைத் திறப்பார், பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கிறதா என்று பார்ப்பார், மூடிவிடுவார். அந்த ஒரு நாளுக்காகவே அதைத் துடைத்து வைத்திருப்பேன். வீட்டில் இருந்த மருந்து டப்பாவும் அப்படி ஒரு பெட்டியாக ஆகிப்போனது எனக்குத் தெரியாது.

அது ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா. சாமி அலமாரியில் கீழ்த்தட்டில், கற்பூரத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் பக்கத்தில் இருந்தது. அங்கே வைத்தவன் நான்தான். என் மகளுக்கு ஒன்றரை வயதில் மூன்று நாள் ஜுரம் இறங்கவே இல்லை. டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டியை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தேன். மறுநாள் குழந்தைக்கு வேர்த்து, உடம்பு குளிர்ந்தது. மருந்து கேட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து எந்த மருந்து வாங்கினாலும் அவர் காலடியில்தான் வைப்பேன். மனதுக்கு அது ஒரு தைரியம்.

அந்த மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ஐ.டி. கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காலை டிரிப் முடித்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போயிருந்தாள். மகள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"என்னம்மா அது?"

"டூத்பேஸ்ட்பா. அயர்ன் பாக்ஸ் பட்டுட்ச்சு."

"டப்பால சுட்ட புண்ணு மருந்து இருக்கே."

"பரவால்லப்பா, கேப் வந்துட்ச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலாம் நாள் கொப்புளம் உடைந்து சீழ் வைத்துவிட்டது. டாக்டர் கையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டியிருக்க வேண்டும், பேஸ்ட் எல்லாம் போடவே கூடாது, வீட்டில் பெரியவர்கள் யாரும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையில் தழும்பு நிற்கும் என்றும் சொன்னார்.

எனக்கு அது பெரிய வருத்தமாகிவிட்டது. வீட்டில் மருந்து இருந்தும் என் பெண் அதைத் தொடவில்லையே. அவள் அந்த டப்பாவைக் கேலி செய்தது ஞாபகம் வந்தது. "அது மருந்து டப்பா இல்லப்பா, மியூசியம்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பார்க்க நன்றாக இருந்தால்தான் கை போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். புதுப் பஞ்சு, பிளாஸ்டர், களிம்பு, தலைவலி, வயிற்றுவலி மாத்திரை எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்த கன்னடக்காரர். "சாக்கா அண்ணா?" என்று கேட்டார், போதுமா என்று. "எங்க பொண்ணு எடுக்குற மாதிரி இருக்கணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்தார். பிறகு நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். காயம், சூடு, ஜுரம், வலி என்று ஸ்டிக்கரில் நானே எழுதி ஒட்டினேன். மூடிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சாமி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள். சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன், அர்த்தம் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். புதுப் பெட்டி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்துவிட்டது.

"அவ்ளோ செலவு பண்ணி வாங்கி வெச்சிருக்கேன். மாத்திரைய எடுத்துப் போட்டா இன்னா? கலர் புடிக்கலையா?"

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவிதான் பேசினாள்.

"கலர்ல இன்னாங்க இருக்குது. அவ எப்படி எடுப்பா? சாமி அலமாரில இல்ல வெச்சிருக்கீங்க."

"வெச்சா?"

"வெச்சாவா? அவளுக்கு இன்னிக்கு ரெண்டாவது நாளு. எனக்கும் காலைலேர்ந்து அதான்."

அந்த நாட்களில் பெண்கள் இருவரும் விளக்குக்குப் பக்கத்தில் வர மாட்டார்கள், அலமாரியைத் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டு வழக்கம் அது. மருந்து இருந்ததும் அதே அலமாரிதான். இரண்டையும் சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அயர்ன் பாக்ஸ் சுட்ட அன்னிக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கும் அதான்" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே. "நீங்க வேற ஸ்டிக்கர்லாம் ஒட்டிக்கினு வந்து காட்றீங்க. நான் இன்னான்னு சொல்றது?"

மனைவியைப் பார்த்தேன். "அப்போ நீ?"

"நானா? இவ கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்து அப்படித்தான். நீங்க வண்டி வுட்டுட்டு வர்ற வரைக்கும் படுத்துக்கினு இருப்பேன். வந்ததும் தலைவலின்னு சொல்வேன். நீங்கதான் எடுத்துத் தருவீங்க. எத்தினி வாட்டி தந்திருக்கீங்க."

ஆமாம், தந்திருக்கிறேன். இவளுக்கு என்ன இப்படி அடிக்கடி தலைவலி வருகிறது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டும் இருக்கிறேன்.

அந்த வழக்கம் சரியா தப்பா என்று பேசுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. அவர்கள் இருவரும் என்னை மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ஆனால் வலிக்கிறவளுக்குக் கை எட்டாத இடத்தில் மருந்தை வைத்தவன் நான். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எழுந்து குளித்தேன். விளக்கேற்றினேன். "முருகா, இத வெளிய எடுத்துக்கிறேன். அவங்களுக்கு வேணும். கோவிச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். இருபது வருடம் அவர் காலடியில் இருந்தது. மாத்திரையை மகள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

மறுவாரம் மகளே அதைக் கொட்டிக் கவிழ்த்தாள். பழைய டப்பாவில் இருந்து தூக்கிப்போட மனசு வராமல் நான் மாற்றி வைத்திருந்த ஒரு களிம்பை எடுத்துப் பார்த்து, "அப்பா, இதுக்கு ஓட்டுப் போட்ற வயசாயிட்ச்சு" என்றாள். என் நீலப் பெட்டியும் அவளுக்குப் பிடிக்கவில்லையாம், பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இருந்து ஒரு துணிப்பை வாங்கி வந்தாள். வளையல், பாசி வைக்கிற மாதிரி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஜிப். ஆணியில் தொங்கவிடலாம், ஊருக்குப் போனால் சுருட்டி எடுத்துப் போகலாம். என் ஸ்டிக்கரை எல்லாம் விட்டுவிட்டு அவளாகச் சீட்டு எழுதினாள். சூட்டு மருந்து அறையில் 'முதலில் தண்ணீர், இருபது நிமிடம்' என்று இருந்தது. சுடுதண்ணீர்ப் பை ஒன்றும் பக்கத்தில் மாட்டினாள். கடைசியாக ஒரு நாப்கின் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையும் இதுல வெக்கட்டுமாப்பா?" என்றாள்.

எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "வைம்மா" என்றேன்.

பையைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். மகள் அன்றே பழகிவிட்டாள். மனைவிதான் பழகவில்லை. பை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும், அவள் படுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். "நீங்க குடுத்தாத்தான் எனக்குக் கேக்குது" என்பாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தை நான் சொல்லி எப்படி மாற்றுவது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில் நின்றிருந்தேன். மகள் ஆபீஸ் போய்விட்டாள். மனைவி அன்று வேலைக்குப் போகாமல் அடுத்த அறையில் படுத்திருந்தாள். கற்பூரம் ஏற்றி, மணியை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பாய் சரசரத்தது. கால் தேய்த்து நடக்கிற சத்தம் சமையலறைப் பக்கம் போனது. ஜிப் திறந்தது. டம்ளரில் தண்ணீர் விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கற்பூரம் அடங்கும்வரை மணியை ஆட்டிக்கொண்டே நின்றேன்.