தண்ணீர் குடித்த பெட்ரோல்

பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தால், ஊரில் எந்த வண்டி இருமினாலும் பழி நம் தலையில்தான் வந்து விடியும். கவுன்டரில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தாம்பரம் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு பங்கில் நான் மேனேஜர்.

ஈதர் வகுப்பு

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். ஆக்சிஜன் உள்ள பொருளைக் கலந்தால் பெட்ரோல் நன்றாக எரியும், புகை குறையும். முன்பு அதற்கு ஈதர் வகைகளைக் கலந்தார்கள். இப்போது நமக்கு வருவது எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்தது. ஈதர் தண்ணீரைப் பெரிதாக மதிக்காது. ஆல்கஹாலோ தண்ணீரைக் கண்டால் பெட்ரோலைக் கைவிட்டு அதோடு போய்விடும் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பம்ப்பில் நிற்கும் கஸ்தூரி அக்கா மட்டும் கை தூக்கினார்.

"ஈதர்னா ஆபரேசனுக்கு மூக்குல வெப்பாங்களாமே, அதானே சார்? அத்த ஊத்துனா வண்டி ரோட்லயே தூங்கிடாது?"

கெட்ட பழக்கம்

அது வேறு ஈதர் என்று அக்காவுக்குப் புரியவைத்துவிட்டேன். சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ரிடையர்டு வாத்தியாரிடம்தான் தோற்றேன். 'எத்தனால் கலந்தது' என்று பம்ப்பில் ஒட்டியிருந்ததைப் படித்தவர், டேங்க் மூடியைத் திறக்கவே மாட்டேன் என்றார். கரும்பிலிருந்து எடுப்பது, காற்றுக்கு நல்லது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"ஆயுசுல நானே தொட்டது கிடையாது. என் ஸ்கூட்டருக்கு எதுக்குப்பா அந்தப் பழக்கம்?"

மழைக்கு மறுநாள்

எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். மழை விட்ட காலையில், நுனியில் பசை தடவிய கோலை நிலத்தடி டேங்கில் விட்டுப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். அன்று மாறியிருந்தது. அடியிலிருந்து கொஞ்சம் ஜாடியில் எடுத்தேன். மேலே பெட்ரோல்; கீழே ஆல்கஹாலும் தண்ணீரும் தனியாக. ஈதராக இருந்தால் இந்தத் துரோகம் நடந்திருக்காது என்று எரிச்சலாக வந்தது.

விற்பனையை நிறுத்தினேன். உள்ளூர பயம்தான், இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது. முதலாளியின் போன் உடனே வந்தது.

"மேல நிக்கிறது பெட்ரோல்தானே? ஊத்து. முடியாதுன்னா நாளையிலேருந்து வராதே."

தேவராஜ் அண்ணன்

போனை வைக்கிறேன், எங்கள் வாடிக்கை ஆட்டோக்காரர் தேவராஜ் அண்ணன் நிற்கிறார். பின்சீட்டில் அவர் மகள். வண்டலூர் பக்கம் அரசு வேலைப் பரீட்சை; ஆட்டோவில் பெட்ரோல் இல்லை; பக்கத்து பங்கில் வரிசை சாலை வரை.

"ரெண்டு லிட்டர் ஊத்து சார், ஒண்ணும் ஆவாது" என்றார். ஊற்றினால் என் வேலை பிழைக்கும். ஆனால் பம்ப் டேங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சும்; ஆட்டோ பெருங்களத்தூர் தாண்டாது. அந்தப் பெண் சாலையில் தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கி நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. "மாட்டேன் அண்ணா" என்றேன். அவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் என் பழைய பைக்கை வெளியே தள்ளிப்போய், பெட்ரோல் டியூபைக் கழற்றி, மழைக்கு முன்பே போட்டிருந்த பெட்ரோலை முழுக்க அவர் கேனில் இறக்கினேன்.

மதியம் முதலாளி நேரிலேயே வந்தார். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "போர்டுல தண்ணின்னு எழுதாதே, ஸ்டாக் இல்லைன்னு எழுது" என்றார். என் வேலை பிழைத்தது. சாயங்காலம் தேவராஜ் அண்ணன் மகளோடு திரும்பி வந்தார்.

"நல்லா எழுதிகீறா சார். காலைல பேசுனத மனசுல வெச்சுக்காத. ஏறு, பக்கத்து பங்குல உன் வண்டிக்கு வாங்கியாரலாம்."

முழு டேங்க்கைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு அடுத்த பங்கில் கேனோடு வரிசையில் நிற்பவனுக்குத்தான் எங்கள் தொழிலில் மேனேஜர் என்று பெயர்.