மலாய்க்காரருக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர்

நான் பொறாமைக்காரன். பக்கத்துக் கடைக்காரர் கார் வாங்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது. சொந்தக்காரன் மாடி வீடு கட்டினால் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவேன். என் வயிற்றெரிச்சல் முழுவதும் ஒரே ஒரு ஆள்மீதுதான். அந்த ஆளை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. மலேயாவில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் தலைவராக இருந்த மலாய்க்காரர் அவர். என் அப்பா அவரைத் ‘தோக்’ என்பார். அங்கே ஊர்ப் பெரியவரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அப்பாவைப் பெற்றவர்கள் திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்கள். அப்பா பிறந்தது அங்கேதான். உலக யுத்தம் வந்தபோது அவருக்குப் பத்து வயது இருக்கலாம். தாயைக் காய்ச்சல் கொண்டுபோனது. தகப்பனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள், அந்த மனிதர் திரும்பவில்லை. அநாதையாக நின்ற பையன் ஆற்றைத் தாண்டி மலாய்க் கிராமத்துக்குள் போய், பசி மயக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் விழுந்தான். அது தோக்கின் வீடு. அவர் பையனைத் தூக்கிப்போய் மரவள்ளிக்கிழங்கு கொடுத்துத் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டார்.

இதுவரைக்கும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர் இல்லையென்றால் அப்பா இல்லை, அப்பா இல்லையென்றால் நான் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அப்பா ஊர் திரும்பிக் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகும், எங்கள் திண்டிவனம் வீட்டில் அந்த மலாய்க்காரர்தான் குடித்தனம் நடத்தினார்.

சோற்றில் உப்பு குறைந்தால் தோக் கதை. கரண்ட் போனால் தோக் கதை. ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கிய அன்று ஊரே காட்டுக்குள் ஓடியது, தோக் மட்டும் குல்லாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தலைவரும் ஓடிவிட்டால் கண்டவனையெல்லாம் பிடிப்பார்கள் என்றாராம். அவரையே தலைவராக வைத்துக்கொண்டு ஆள் கொடு, அரிசி கொடு என்று நெருக்கினார்கள். ஊர் ஆண்களில் பாதிப்பேர் மலேரியாவில் செத்துவிட்டதாகச் சொல்லி, புதிதாகப் போட்ட மண்மேடுகளைக் காட்டினார். செத்தவர்கள் காட்டுக்குள் உயிரோடு இருந்தார்கள், மேடுகளுக்குள் அரிசி மூட்டை இருந்தது. ஒரு தடவை பொய் அகப்பட்டது. மீசை முளைக்காத ஒரு சிப்பாய் அவரை ஊர் நடுவில் கன்னத்தில் அறைந்து, பொழுதுக்கும் வெயிலில் நிற்க வைத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், பசிக்கிறது என்று மட்டும் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தாராம். இதைச் சொல்லும்போது அப்பா தன் கன்னத்தைத் தடவிக்கொள்வார். எனக்குக் காதில் புகை வரும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது விழுப்புரத்தில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். அப்பா வேர்க்கடலை வாங்கும் மல்லாட்டை மண்டி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்காவது ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"தோக்கு அரிசி மூட்டைய தோள்ல போட்டுக்கினு ஓடுவாருடா. காட்டுக்குள்ள. செருப்புகூட இல்லாம."

அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் நான் பெயர் கொடுக்கவில்லை.

கடைசிக் கதையை மட்டும் அப்பா அபூர்வமாகத்தான் சொல்வார். ஜப்பான்காரர்கள் தோற்றுப்போனதும், காட்டுக்குள் ஒளிந்து அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வேறு ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். அவர்கள் வருவதைப் பார்த்த உடனேயே தோக் அப்பாவை ரம்புத்தான் மரத்தில் ஏற்றிவிட்டு, நான் வந்து கூப்பிடும்வரை மூச்சுக் காட்டாதே என்றார். வந்தவர்கள், ஜப்பான்காரனுக்கு எடுபிடி வேலை செய்தவன் என்று அவர் கைகளைப் பின்னால் கட்டி இழுத்துப்போனார்கள். அப்பா மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். விடியும்வரை மரத்திலேயே இருந்தார். யாரும் வந்து கூப்பிடவில்லை. காலையில் தோட்டத்துத் தமிழர்கள் அவரை இறக்கித் தூரத்து ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போய், பிறகு கப்பலேற்றி அனுப்பினார்கள். அப்படிக் கொண்டுபோனவர்களை உயிரோடு விடமாட்டார்கள் என்று அவர்கள் சொன்னதை அப்பா நம்பினார்.

அதனால் தலையெடுத்த நாளிலிருந்து அப்பா ஒரு காரியம் செய்தார். வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குப் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய், தன் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, கடைசியில் அந்த மலாய்க்காரர் பெயரைச் சொல்லி இன்னொரு கை இறைப்பார். சொந்தமில்லாதவர்களுக்கும் கொடுக்க சாஸ்திரத்தில் இடம் உண்டாம். பெற்ற தகப்பனுக்கு இறைக்கும்போது காய்ந்திருக்கும் கண், அந்த ஒரு கைக்கு மட்டும் கலங்கும். தகப்பன் உயிரோடு இருப்பவன் எள்ளைத் தொடக்கூடாது என்பதால், நான் அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பேன்.

போன ஆவணியில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்தார். எனக்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"எனக்கு எள்ளுத்தண்ணி குடுத்தா குடு, இல்லாட்டி போ. அவுர மட்டும் வுட்டுடாதடா."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? இந்த ஆவணியில் தலைத்திவசம் முடிந்தது. புரட்டாசி அமாவாசைக்கு முதல் முறையாக நான் கடற்கரையில் எள் இறைக்கவேண்டும். மோட்டார் காயில் கட்டும் என் கடையில் உட்கார்ந்தபடி இதே யோசனையாக இருந்தேன். வாக்கைக் காப்பாற்றினால் அந்த ஆள் என் காலம் முடிகிறவரை என் வீட்டில் குடியிருப்பார். காப்பாற்றாவிட்டால் அப்பாவுக்குச் செய்கிற துரோகம். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

இதற்கிடையில், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் தாத்தாவின் கதையை அந்தக் கிராமத்தின் பெயரோடு பேஸ்புக்கில் எழுதியிருக்கிறாள். அது எப்படியோ அந்த ஊருக்கே போய்விட்டது. அமாவாசைக்கு முதல் நாள், தோக்கின் கடைசி மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பொம்மையார்பாளையத்தில் கடலோர கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். மகள்தான் போய் அழைத்துவந்தாள். வெள்ளைத் தாடி, கறுப்புக் குல்லா. வயது எழுபத்தைந்து என்றார்.

எனக்கு இடித்தது. சண்டை முடிந்து எண்பது வருஷம் ஆகிறது. சண்டை முடிந்த கையோடு செத்தவருக்கு எழுபத்தைந்து வயதில் எப்படி ஒரு மகன் இருக்கமுடியும்?

"அவுங்க அப்பா எப்ப செத்தாருன்னு கேளும்மா" என்றேன்.

மகள் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னாள். தொண்ணூறு வயது தாண்டி, தூக்கத்திலேயே போனாராம். அப்போது இந்த மகனுக்கே நாற்பது வயது. ஒளித்துவைத்த அரிசியில் பங்கு வாங்கிப் பிழைத்த சீனக் கடைக்காரர் ஒருவர், காட்டுக்குள் போய்ச் சாட்சி சொல்லி தோக்கை மீட்டுவந்தாராம். பிறகு வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, ஜப்பான்காரனுக்கு ஏன் வேலை பார்த்தாய் என்று பதவியைப் பிடுங்கினார்களாம். ஊர்க்காரர்கள் மட்டும் கடைசிவரை அவரையே தலைவராக வைத்திருந்தார்கள்.

மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உயிரோடு இருந்த மனிதருக்கு எத்தனை வருஷம் எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார் அப்பா. அத்தனை கண்ணீரும் விழலுக்கு இறைத்த நீர். வந்தவருக்கும் கொஞ்சம் உறைக்கட்டும் என்று தோன்றியது.

"உங்க அப்பா உயிரோட இருக்கசொல்லவே எங்க அப்பா அவருக்குக் காரியம் பண்ணிக்கினு இருந்தாரு. அப்டியே சொல்லு."

"வேணாம்பா."

"சொல்லு."

சொன்னாள். அவர் புரியாமல் மறுபடி கேட்டுக்கொண்டு, பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அவருக்கு ஒருநாளும் தலைவலி, காய்ச்சல்னு வந்ததே இல்லியாம். எங்கேர்ந்தோ யாரோ ஊட்டிக்கினு இருந்திருக்காங்கன்னு இப்பதான் தெரியுதுன்றாருப்பா" என்றாள் மகள்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் போட்டோவைப் பார்த்தபடி பேசினார். காட்டிலிருந்து திரும்பிய அன்று தோக் வீட்டுக்குள் நுழையவில்லையாம். நேராக மரத்தடிக்குப் போய், அண்ணாந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாராம். பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாகும்வரை அதை அவள் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு பிறந்த இவர் பரீட்சையில் ஜெயித்தாலும் தோற்றாலும், அந்தத் தமிழ்ப் பையன் சொன்ன சொல் கேட்டு மரத்திலேயே இருந்தான் என்பதுதான் தகப்பன் வாயிலிருந்து வருமாம்.

"அவுங்க அப்பா செத்த வாரமே இவரு அந்த மரத்த வெட்டிட்டாராம்" என்றாள் மகள். கொஞ்சம் தயங்கி மீதியையும் சொன்னாள். "அந்தப் பையன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்னுதான் வந்தாராம். சின்ன வயசுலேர்ந்து தாத்தா மேல அவருக்கு அவ்ளோ வயித்தெரிச்சலாம்."

அவர் அப்பாவின் போட்டோவைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாத பார்வை இல்லை. அப்பாமேல் இன்னொருவர் பொறாமைப்பட முடியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அதிலும், என் அப்பாவைப் பார்த்து ஒருவர் அப்படி எரிவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லச் சொன்னேன்.

மறுநாள் காலை பொம்மையார்பாளையம் கரையில் ஐயர் முன்னால் உட்கார்ந்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் சொல்லி இறைத்தேன். கொஞ்சம் தள்ளி, ஃபைபர் படகுகளுக்குப் பக்கத்தில் தோக்கின் மகன் நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா? வேற யாருக்காவது உண்டா?" என்றார் ஐயர்.

மகளைக் கூப்பிட்டு, அவர் யாருக்கு ஓதுகிறார் என்று கேட்டுவரச் சொன்னேன். போய்விட்டு வந்தாள்.

"நம்ம தாத்தாவுக்காம். இன்னிக்குத்தான் மொத தடவையாம்."

ஐயர் காத்துக்கொண்டிருந்தார். அந்த மலாய்ப் பெயரைச் சொன்னேன். அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"உங்களுக்கு என்ன முறை?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அப்பாவுக்கு அப்பா என்றால் வேறென்ன முறை?

"தாத்தா" என்றேன்.

ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். கட்டைவிரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கின. எழுந்து ஈர வேட்டியோடு கரையேறி வந்தபோது, மகள் அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"அப்ப இவரு உனக்கு என்ன வேணும்பா?"

"சித்தப்பா."

அவள் அதை அவருக்கு விளக்கினாள். அவர் அந்த வார்த்தையைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பங்காளிக்குப் பங்காளி காய்ச்சல் வரும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல்தான் முதலில் வந்தது. பங்காளி முறை அன்றைக்குத்தான் வந்தது.