பழவேற்காட்டில் ஒரு கடிதத்துக்குச் சீட்டு

காலை 5.40. சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய்.

7.50. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தது. கம்பி வழியே பார்த்தேன். பெயர், இறந்த நாள் எல்லாம் ஆழமாக வெட்டிய கற்கள். நான் தேடி வந்த சாவுகளுக்குக் கல் கிடையாது. இருபத்தொரு வருடங்களுக்கு முன் முகத்துவாரத்தைத் தாண்டிப் போன நான்கு பேரின் உடல்கள் கரை சேரவே இல்லை. ‘நான்கு மீனவர்கள் மாயம்’ என்று நாளிதழில் நான்கு வரி எழுதியவன் நான். பெயர்களைக் கேட்டு எழுதவில்லை. அதைப் படித்த பெரிய கவிஞர் ஒருவர், அவர்கள் ஊருக்குத் தபால் அட்டை போட்டுப் பெயர்களைக் கேட்டு வாங்கி, தம் கைப்படவே இரங்கல் கடிதம் எழுதினார். தாம் சொல்லச் சொல்ல உதவியாளரை எழுத வைப்பது அவர் வழக்கம். அவர் கையெழுத்தே அபூர்வம். இரங்கல் கடிதம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

8.30. படகு. ஏரியின் அக்கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொண்டார்கள். படகோட்டி மூர்த்தி அந்த ஊர்க்காரர்.

“லெட்டரா? இன்னிக்கு யார் வூட்டுக்குப் போவும்னு தெரியாது சார். பாடு சீட்டு போடற நாளு.”

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். ஊரின் கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே பாடு. முதல் சீட்டு விழுந்தவர் வீட்டில் அந்த வருடம் முழுவதும் கடிதம் இருக்கும்.

9.15. அம்மன் கோயில் முன்பு, நாற்காலி மேல் கண்ணாடிச் சட்டத்தில் கடிதம். நீல மை, பதினொரு வரிகள். நான்கு பெயர்களும் தனித்தனி வரியில். மூன்றாவது, கன்னியப்பன். பக்கத்தில் சீட்டுப் பானை. பானைக்கு முன்னால் ஒரு பெண் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சரோஜா, கன்னியப்பனின் மனைவி. மற்ற மூன்று வீடுகளிலும் மகனுக்கோ தம்பிக்கோ பாடு உண்டு. இவருக்கு ஒரே மகள், சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

“இன்னா அண்ணி இது? எய்ந்துரு, வெயில் ஏறுது” என்றார் ஊர்த் தலைவர் ஏழுமலை.

“ஏறட்டும். எங்க வூட்டுச் சீட்டப் போடு.”

“உங்க வூட்ல வலை போட ஆம்பள யாரு கீறாங்க?”

“வலை யாரு கேட்டா? தண்ணிய நீங்களே வெச்சுக்கோங்க. இந்தக் காயிதம் எத்தினி வூட்டுச் சுவத்துல தொங்கிச்சு? அவர் பேரு எழுதின காயிதம், அவர் வூட்டுக்கு மட்டும் வர்ல.”

கூட்டத்தில் தனசேகர் என்பவர் குரல் கொடுத்தார்: “செத்தவங்களுக்குச் சீட்டு போட்டா எங்க தாத்தா வந்து மொத சீட்ட எட்த்துனு பூடுவாரு!”

சிரிப்பு. சரோஜா திரும்பினார். “உங்க தாத்தாவா? உசுரோட இருந்தப்பவே பத்து மணிக்குத்தான் எய்ந்தாரு. அவரா வரப் போறாரு?”

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. ஆனால் அவர் எழவில்லை. அவரைத் தாண்டிப் பானையைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. வலைகள் கரையிலேயே கிடந்தன.

11.10. தலைவர் இறங்கி வந்தார். “சரி அண்ணி. இந்த வருசம் நீயே எட்த்துனு போ. சீட்டுலாம் வாணாம்.”

முடிந்தது என்று நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

“தர்மமா குடுக்கறியா? வாணாம். எல்லாருக்கும் எப்டி வந்துச்சோ அப்டி வர்ட்டும்” என்றார் சரோஜா.

தலைவர் இன்னொரு பானை கொண்டுவரச் சொன்னார். பாடு பிரிக்க ஒன்று, கடிதத்துக்குத் தனியாக ஒன்று. முதல் பானையில் எண்பத்திரண்டு சீட்டுகள், கடிதப் பானையில் எண்பத்து மூன்று. கடைசிச் சீட்டில் கன்னியப்பன் பெயரைத் தலைவரே கடிதத்தைப் பார்த்து எழுதினார். சரோஜா அதை வாங்கி, மடித்து, தன் கையால் பானைக்குள் போட்டார்.

கடிதப் பானையிலிருந்து கோயில் பூசாரி எடுத்த சீட்டில் தனசேகர் பெயர் இருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தனசேகர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சரோஜாவிடம் போனார். “பெரிம்மா, நீயே வெச்சுக்கோ.”

சரோஜா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். “உனுக்கு வுழுந்துச்சு. கரையான் ஏறாத சுவரா பாத்து மாட்டு.”

1.30. திரும்பும் படகு. சென்னையில் அந்தக் கவிஞரின் நினைவு இல்லத்தில் அவருடைய பேனாவும் மூக்குக்கண்ணாடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. வாரம் இரண்டு முறை அந்தத் தெருவைக் கடக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

“எண்பத்து மூணு சீட்டு. அந்தம்மா வீட்டுக்கு எப்ப வரும்?” என்று மூர்த்தியிடம் கேட்டேன்.

“வந்தா வரும், வராட்டிப் போவும்” என்றார் அவர். “அடுத்த வருசமும் அவரு பேரு பானையில கீதில்ல? அவ்ளோதான் சார் அந்தம்மா கேட்டுச்சு.”