இளைய மேயரும் சந்தைக் கழிப்பறைப் பூட்டும்

சந்தையில் அவளை எல்லோரும் "ரூல்ஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது முட்டைக்கடைக்காரம்மா. பால்பல் விழுந்த வயதில், குழாயடி வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு தடித்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, கடைசி அங்க இருக்கு" என்று கை காட்டியவள் அவள். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். முட்டைக்கடைக்காரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு முட்டை தப்பியது பெரிய விஷயம்.

அவளுடைய அக்காவுக்குச் சந்தையின் மேல்வரிசையில் ஒரு தையல் இயந்திரம் போடுகிற அளவுக்கு இடம். புதுத்துணி தைப்பதில்லை. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, இதுதான் வேலை. அம்மாவின் கண் மங்கியபோது அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. தங்கச்சியின் படிப்பில் மட்டும் ஒரு தையல்கூட விட்டுப்போகக் கூடாது என்பதில் கண்ணாயிருந்தாள். வாசிக்கத் தெரிந்ததையெல்லாம் தங்கச்சி வாய்விட்டு வாசிப்பாள். அக்கா விளிம்பு மடித்துக்கொண்டே கேட்பாள். பள்ளிக்கூடப் பாடம் முடிந்தால் மருந்துப் பெட்டியின் பின்பக்கம், அதுவும் முடிந்தால் பேருந்துச் சீட்டின் விதிமுறை.

மேல்வரிசைக்கு ஏறும் படிக்கட்டின் அருகில் ஒரு கதவு. அதில் நீலப் பெயின்டில் "பெண்கள்" என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழே ஒரு கனத்த பூட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது சந்தைக்கே தெரியும்: வார்டு அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கொடிக்கம்பங்கள், சுருட்டி வைத்த பேனர்கள். வார்டு அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று கவுன்சிலர் ஒருநாள் கொண்டுவந்து அடைத்தார். சாவியும் அவரோடு போயிற்று. ஆண்களுக்குப் பின்சுவர் இருந்தது. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும்வரை ஒரு வாய் தேநீர், அதுவும் பாதி. யாரும் இதை ஒரு பிரச்சினை என்று பேசவில்லை. மழை, வெயில் மாதிரி அதுவும் ஒன்று.

போன வருடம் அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின்மேல் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "சிறுநீரகத்துல கிருமி. நல்லா தண்ணி குடிம்மா, அதுதான் மருந்து" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த தங்கச்சிக்கு வரவில்லை.

அந்த வருடம்தான் பள்ளியில் இளையோர் நகர்மன்றம் என்று ஒரு பயிற்சி வந்தது. சாலை யார் பொறுப்பு, தெருவிளக்கு யார் பொறுப்பு, வரிப்பணம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முன்மொழிவது என்றால் என்ன, வழிமொழிவது என்றால் என்ன, கை தூக்கி எண்ணுவது எப்படி என்றும். பிறகு வார்டு வார்டாகப் பிள்ளைகளுக்குள் தேர்தல். நிஜ வாக்குப்பெட்டி, நிஜ மை.

மற்ற வேட்பாளர்கள் பூங்காவில் இலவச இணையம், விளையாட்டுத் திடலில் விளக்கு என்று அடுக்கினார்கள். ரூல்ஸ் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். "சந்தையில பெண்கள் கழிப்பறையத் திறக்கணும். உங்க அம்மா கடைக்குப் போறாங்கல்ல, அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க." பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டார்கள் போலிருக்கிறது. அவள் ஜெயித்தாள். ஜெயித்த பிள்ளைகள் கூடி அவளையே இளைய மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

நிஜ மேயர் போடும் கருநீல மேலங்கியை ஒருநாளைக்கு இரவல் கொடுத்தார்கள். அது அவள் பாதத்தைத் தாண்டித் தரையைக் கூட்டியது. திருப்பிக் கொடுக்க வேண்டிய துணி என்பதால் அக்கா கத்தரி வைக்காமல், உள்ளே மடித்துக் கையாலேயே தைத்தாள். பிரித்தால் ஊசித்தடம்கூடத் தெரியாது.

மன்றக் கூட்டத்தன்று அக்கா பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். உயரமான நாற்காலியில் தன் தங்கச்சி. ஒரு பையன் எழுந்து கழிப்பறைத் தீர்மானத்தை முன்மொழிந்தான். ஒரு பெண் வழிமொழிந்தாள். "ஆதரிப்போர் கை தூக்குக" என்றாள் ரூல்ஸ். அத்தனை கையும் மேலே போயிற்று. "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது." முன்வரிசையில் விருந்தினராக இருந்த வார்டு கவுன்சிலர்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார். படம் எடுக்கும்போது இளைய மேயரம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டதும் அவர்தான்.

அக்கா சந்தைக்கு ஓடிவந்தாள். படியேறும்போதே கத்தினாள், "தீர்மானம் பாஸ் ஆயிருச்சு! எல்லாக் கையும் தூக்கிட்டாங்க! நம்ம கவுன்சிலரே கை தட்டுனாரு!"

"அப்ப நாளைக்குத் திறந்துருவாங்களா?" என்றாள் முட்டைக்கடைக்காரம்மா.

"மன்றமே சொல்லியாச்சு, அப்புறம் என்ன?"

அக்கா எதையும் இரண்டு முறை அளந்துதான் வெட்டுகிறவள். அன்று அளக்கவில்லை. மன்றம், மேலங்கி, கை தூக்கல் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவளுக்கு அளக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை சந்தைப் பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். ஏதோ கல்யாண வீடு மாதிரி ஒருத்திக்கொருத்தி ஊற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். முட்டைக்கடைக்காரம்மா சர்க்கரை நோய்க்காரி. தாகத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்திருந்தவள். ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "ஏ ரூல்ஸ் அக்கா, உன் தங்கச்சி மகராசியா இருக்கணும்" என்றாள்.

பூட்டு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முட்டைக்கடைக்காரம்மா படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பினாள், மறுபடியும் போனாள். மூன்றாம் முறை போனபோது அவளால் முடியவில்லை. படிக்கட்டின் அடியில், வாங்க வந்தவர்களும் சுமை தூக்குகிறவர்களும் பார்க்க, அவள் துணி நனைந்தது. பேரன் பேத்தி எடுத்தவள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். யாரோ ஒருவன் சிரித்தான்.

அக்கா இறங்கி ஓடினாள். வாடிக்கையாளர் ஒருத்தி நீளம் குறைக்கக் கொடுத்திருந்த நீளப் பாவாடையை எடுத்துக்கொண்டு போய், அவளைச் சுற்றி ஒரு படுதாவைப் பிடித்து மாற்றிவிட்டாள். முட்டைக்கடைக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சந்தைப் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா தங்கச்சியின் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள்.

"உன் தீர்மானம் எங்கடி?"

"என்னக்கா?"

"ஒருமனதா நிறைவேறுச்சுன்னியே, அது எங்க இருக்குன்னு கேக்குறேன். எடுத்துட்டு வா. அந்தம்மா கையில கொடுக்கணும்."

நடந்ததைக் கேட்டதும் ரூல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். அழவில்லை. "நாளைக்குக் கவுன்சிலரப் போய்ப் பாப்போம்" என்றாள்.

வார்டு அலுவலகச் சுவரில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. கவுன்சிலர், அவர் கை, கைக்குக் கீழே மேயரம்மா.

"வாங்க மேயரம்மா!" என்றார் கவுன்சிலர். "அடுத்த தேர்தல்ல என் சீட்டுக்கு ஆபத்து போலிருக்கே!"

"சார், கழிப்பறை இன்னும் திறக்கல."

"அட, அது பயிற்சிம்மா. கார் ஓட்டக் கத்துக்கறப்ப வெளியூருக்கா போறோம்? மைதானத்துலதான சுத்துறோம்?"

அக்கா குறுக்கே புகுந்தாள். "மைதானத்துல சுத்துனதுக்கு எதுக்கு சார் சுவர் முழுக்கப் படம்? வண்டி ஊரு போய்ச் சேர்ந்த மாதிரியில்ல ஒட்டி வச்சிருக்கீங்க?"

கவுன்சிலர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "நிஜ மன்றத்துல ஒரு உறுப்பினர் கொண்டு வரணும்மா. அதுக்கு முறை இருக்கு."

"நீங்க உறுப்பினர்தான சார்," என்றாள் ரூல்ஸ். "கொண்டு வாங்க."

"பாக்கலாம், பாக்கலாம்." அவருக்குப் போன் வந்துவிட்டது. வராவிட்டாலும் வந்திருக்கும்.

ரூல்ஸ் விடவில்லை. வேறொரு வார்டின் பெண் கவுன்சிலரைப் பிடித்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். அவர் அதிகம் பேசாமல், "கொண்டு வரேன்" என்றார். நிஜ மன்றக் கூட்டத்தன்று சந்தைப் பெண்கள் கடையைப் பாதி சாத்திவிட்டு மாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று ரூல்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

நர்ஸம்மா எழுந்தார். பிள்ளைகள் நிறைவேற்றிய அதே தீர்மானத்தை ஒரு வார்த்தை மாறாமல் வாசித்து முன்மொழிந்தார்.

"வழிமொழிவது யார்?" என்றார் மேயர்.

கீழே அத்தனை தலைகள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்டார். சந்தை வார்டின் கவுன்சிலர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆள் போதும்கா," என்று தங்கச்சி அக்காவின் காதில் சொன்னாள். அவள் விரல்கள் அக்காவின் மணிக்கட்டை இறுக்கின. "ஓட்டுகூட வேணாம். ஒருத்தர் வழிமொழிஞ்சா பேசவாவது விடுவாங்க."

"வழிமொழிவார் இல்லை. தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அடுத்த பொருள்."

அக்கா எழுந்தாள். தங்கச்சி பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "யோவ் கவுன்சிலரே! உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் இப்படித்தான் பூட்டி வச்சிருக்கீங்களா? அந்த அறையில உங்க நாற்காலி சொகுசா உக்காந்திருக்கு, எங்க ஆளு படிக்கட்டுல நின்னு மானம் போச்சு! கை தூக்க வலிக்குதா உங்களுக்கு?"

இரண்டு காவலர்கள் வந்து அக்காவை வெளியே கூட்டிப்போனார்கள். ரூல்ஸும் கூடவே வந்தாள். வராந்தாவில் அக்கா மாடத்துக் கதவையே பார்த்து நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை பேர் முன்னால் கத்தியிருந்தாள். இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது.

நர்ஸம்மா பின்னாலேயே வந்தார். "ஏன் ஒருத்தரும் வாயத் திறக்கலன்னு தெரியுமா? ஒவ்வொரு வார்டுலயும் இந்த மாதிரி ஒரு பூட்டு இருக்கு. ஒண்ணத் திறந்தா எல்லாத்தையும் திறன்னு கேப்பீங்க."

ரூல்ஸ் முகம் சுண்டிப்போயிற்று. "இத ஏன் பயிற்சியில சொல்லித் தரல?" என்று கேட்டாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். பூட்டியதற்குக்கூட இல்லை. எல்லா விதியையும் நம்பி, ஒவ்வொன்றாகச் சரியாகச் செய்த பிள்ளையை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்துவிட்டார்களே என்று.

மறுநாள் சந்தை திறந்ததும் அக்கா சைக்கிள் கடையில் பெரிய திருப்புளி இரவல் வாங்கினாள். கதவின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, பூட்ட உடைச்சா கேஸ் போடுவாங்க," என்றாள் ரூல்ஸ், பள்ளிக்குக் கிளம்பிய கோலத்தில்.

"பூட்டுமேல யாருடி கை வைக்கிறா?"

அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கீல்கள் வெளியேதான் இருந்தன. அக்கா ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, தொலைந்துவிடாமல் பொத்தான் டப்பாவில் போட்டாள். கதவை நாலு பெண்கள் தூக்கி, தாழ்ப்பாளை நிலையிலிருந்து உருவிச் சுவரோரம் சாய்த்தார்கள், பூட்டோடு, "பெண்கள்" என்ற எழுத்தோடு. பிறகு நாற்காலிகள், கம்பங்கள், பேனர்கள். எதையும் எறியவில்லை. துடைத்து, எண்ணி, வரிசையாக வார்டு அலுவலக வாசலில் அடுக்கினார்கள். ரூல்ஸ் அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். அவள் பள்ளி வாழ்வில் அது முதல் தாமதம். அவள் கையிலும் ஒரு நாற்காலி இருந்தது.

கதவுக்குப் பதில் அக்கா கோட்டுத் துணியில் கனமான திரை ஒன்று தைத்து மாட்டினாள். உள்ளே குழாயில் காற்றுதான் வந்தது. பெண்கள் குழாயடியிலிருந்து வாளி சுமந்தார்கள். முட்டைக்கடைக்காரம்மாவை அக்கா வீட்டுக்கே போய் அழைத்துவந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கவுன்சிலர் படம் எடுப்பவரோடு வந்தார். போலீசுக்குப் போவார் என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். ஆனால் சந்தை முழுக்கப் பேச்சாகிவிட்டது, தேர்தலும் நெருங்கிவிட்டது. அவர் கணக்கை மாற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களா, திறந்தாச்சு!" என்றார் கூட்டத்தைப் பார்த்து, தானே திறந்த மாதிரி. "மேயரம்மா, வாங்க. நடுவுல நில்லுங்க."

ரூல்ஸ் நகரவில்லை. "படம் அப்புறம் சார். தண்ணி எப்ப வரும்?"

"வரும்மா, அடுத்த கூட்டத்துல..."

"அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்க இன்னைக்குத்தான் கடைசி. எழுதி வச்சிருக்கேன். கதவு, தண்ணி, விளக்கு மூணும். முன்மொழியறவர்னு உங்க கையெழுத்து வேணும்."

படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கியபடியே நின்றார். சந்தைப் பெண்கள் கடைகளை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். கவுன்சிலர் உட்கார இடம் தேடினார். அக்கா தன் ஸ்டூலை விட்டு எழவும் இல்லை, இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை. அவர் நின்றபடியே, மேசையின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சரி. வழிமொழிய ஆள் வேணுமே?"

"அதுவும் உங்க வேலைதான் சார். போன் உங்க கையிலதான இருக்கு, அன்னைக்கு மாதிரியே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கவுன்சிலரின் காது சிவந்தது. அவர் எண்ணைத் தேடி அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அக்கா அவர் முதுகை முறைத்தபடி பெடலை மிதித்தாள். ஊசி வேகமாக ஏறி இறங்கியது.

"நீங்க பேசி முடிங்க சார், யாரும் கலைஞ்சு போக மாட்டோம்," என்றாள் முட்டைக்கடைக்காரம்மா. தண்ணீர் பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை குடித்து அக்காவின் மேசையில் வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்து, திரையை விலக்கி உள்ளே போனாள்.