நீல அட்டைக் கூண்டுகள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் காவலாளி திருதிருவென்று விழிப்பார். எலியக்கா என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவது மாடி, கடைசிக் கதவு, செருப்பை வெளியே விட்டுவிடுங்கள் என்று மூச்சு விடாமல் வழி சொல்லுவார். பதினெட்டு வருடமாகச் சுண்டெலிகளோடு காலம் தள்ளுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. மேலதிகாரிகள் சிலருக்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டால் எலி எவ்வளவோ மேல்.

வேலை இதுதான். மனிதர்களுக்கு வருகிற முடக்குவாதம் போன்ற ஒன்றை ஊசி போட்டுச் சுண்டெலிகளுக்கு வரவழைப்பார்கள். பாதங்கள் வீங்கிச் சிவந்து, நடக்கவே முடியாமல் அவை மூலையில் ஒடுங்கும். பிறகு சில கூண்டுகளுக்குப் புது மருந்தும் சில கூண்டுகளுக்கு வெறும் கரைசலும் கொடுப்பார்கள். எந்தக் கூண்டுக்கு எது என்று எலியக்காவிடம் சொல்ல மாட்டார்கள். நீலம், மஞ்சள், வெள்ளை என்று அட்டை மட்டும் தொங்கும். தெரிந்துவிட்டால் அளக்கிற கை தன்னையறியாமல் பொய் சொல்லிவிடுமாம். தன் கையைச் சந்தேகப்படுகிறார்களே என்று முதல் வருடம் முழுக்க அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒவ்வொரு எலியையும் தராசில் வைப்பாள். பாதத்தின் தடிமனைக் காலிப்பர் என்கிற இடுக்கி அளவுகோலில் அளப்பாள். கடைசியாகக் கட்டைவிரலை முதுகில் ஓட்டிப் பார்ப்பாள். சதை இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். உடம்பு வற்றியிருந்தால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். தராசு சொல்வதற்கு முன்பே அவள் விரல் சொல்லிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தைந்து கிராம் எலி இருபதுக்கு இறங்கிவிட்டால் அதற்குமேல் அதைத் துன்பப்பட விடக்கூடாது என்பது விதி. அன்றே கதையை முடித்து, குடலை அறுத்துப் பார்க்க வேண்டும். முடிக்கிறதும் எலியக்காவின் கைதான். போகப் போகப் பழகிவிடும் என்று சேர்ந்த அன்றைக்குச் சொன்னார்கள். பழகவில்லை. செய்யக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நீல அட்டை எலிகள் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். பத்தே நாளில் அவற்றின் பாதம் வடிந்துவிட்டது. மூலையில் கிடந்ததெல்லாம் கூண்டைச் சுற்றி ஓடுகிறது, கம்பியில் தொங்குகிறது. எலியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தீனி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. இருபத்து நாலு, இருபத்து மூன்று என்று எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்று இருபத்தொன்றைத் தொட்ட அன்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கால் சரியான பிறகா சாக வேண்டும்?

அன்று மாலை தீனிக்கட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து, தன் தேநீர் டப்பாவிலிருந்து கொஞ்சம் பால் பொடி கலந்து, நீல அட்டைக் கூண்டுகளில் மட்டும் தரையில் வைத்தாள். நக்கி நக்கித் தின்றன. மறுநாள் காலை யாரும் வருமுன் மிச்சத்தைத் துடைத்து எடுத்தாள். இப்படி ஊறின தீனி வைப்பது குற்றமில்லை. எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி வைத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தச் சோதனையில் அதற்கும் அனுமதி கிடையாது, எடையும் ஓர் அளவு என்பதால். அவள் எழுதவில்லை. இரண்டே நாள்தானே என்று தொடங்கியது, ஆறு வாரம் ஓடிவிட்டது. விரலில் எலும்பு தட்டிய நாள்களிலும் முதுகு என்ற இடத்தில் சாதாரணம் என்றே எழுதினாள். கெட்ட எண்ணத்தில் ஒருத்தி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். இவளை என்ன சொல்லுவது?

ஆறு வாரம் முடிந்ததும் எல்லா எலிகளையும் முடித்தார்கள். பாதங்களை அறுத்துப் பார்த்தார்கள், மூட்டுகள் பிரமாதமாக இருந்தன. எடை குறையாததால் குடலைப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. கெடாமல் காக்கும் மருந்துநீர்க் குப்பிகளில் போட்டுக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நீலம்தான் மருந்து என்று ரகசியத்தை உடைத்தபோது, மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியையே நாள்தோறும் தேடுகிற ஆராய்ச்சித் தலைவர், கண்ணாடி ஐயா, எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். எலியக்கா இரண்டு எடுத்துக்கொண்டாள். ஒன்று தங்கைக்கு.

புருஷன் போன பிறகு அவள் தங்கையோடுதான் இருக்கிறாள். தங்கை பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். வீட்டின் முன்னறையிலேயே கடை. முடக்குவாதம் வந்து விரல்கள் வீங்கி, கத்திரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாமல் போய், கடைக்கு ஷட்டர் இறக்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த வருடம், மனிதர்களிடம் அந்த மருந்தைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் கண்டவுடன் எலியக்கா அதைக் கிழிக்காத குறையாக எழுதிக்கொண்டு வந்தாள். தங்கை தயங்கினாள். உன் எலிக்குச் சரியானால் எனக்கும் சரியாகிவிடுமா, நான் என்ன உன் கூண்டிலா இருக்கிறேன் என்று கேலி செய்தாள். எலியக்கா விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்தாள்.

மூன்றாவது வாரம் வளையத்துக்குள் விரல் நுழைந்தது. நாலாவது வாரம் ஷட்டர் ஏறியது. முதல் நாள் வந்த ஐந்து பேருக்கும் தங்கை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வெட்டினாள். எலியக்கா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் தங்கை தட்டைத் தள்ளிவிட்டு ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டாள். வாய்க்குப் பிடிக்கவில்லை, இப்படி நனைத்தால்தான் உள்ளே இறங்குகிறது என்றாள். எலியக்காவுக்கு நீலக் கூண்டுகளின் ஊறின தீனி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஆறு வாரமும் எடை கொஞ்சம்கூட இறங்கவில்லை. எண்களைப் பார்த்ததும் நெஞ்சு ஆறியது. எடை சரியாக இருந்தால் எல்லாம் சரிதான் என்று மற்றவர்கள் நம்பியது போலவே அவளும் நம்பினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், முதுகுப் பக்கக் கொக்கியை மாட்டிவிடச் சொல்லித் தங்கை திரும்பி நின்றாள். மாட்டிவிட்டு எடுக்கப்போன கை, பதினெட்டு வருடப் பழக்கத்தில், தானாக முதுகில் இறங்கியது. விரல் வழுக்கவில்லை. எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

"நேத்து எடை பாத்தாங்களா?" என்று கேட்டாள் எலியக்கா.

"பாத்தாங்க. அதே எடைதான்." கண்ணாடியில் தங்கையின் கண் நழுவியது.

"என் கிட்டயே காது குத்தாதடி."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எடை பார்க்கப் போகுமுன் இரண்டு பாட்டில் தண்ணீர். அது போதாமல் போனதும் கடை ஷட்டரின் இரும்புப் பூட்டு இரண்டும் உள்பாவாடைப் பையில். இனி அதுவும் போதாதாம்.

"எடை குறைஞ்சா மருந்த நிறுத்திடுவாங்கக்கா. நிறுத்திட்டா என் கை என்ன ஆகும்? நீயே சொல்லு. வயிறு வலிச்சா வலிச்சிட்டுப் போகுது."

எலியக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கண்ணாடி ஐயா அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். பால் பொடியைச் சொன்னாள், துடைத்து எடுத்ததைச் சொன்னாள், சாதாரணம் என்று எழுதியதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. கீழ்த்தளத்துச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்திருக்கும்.

நீல அட்டைக் குப்பிகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு குடலாக விரித்தார்கள். பூச்சி அரித்த துணி போல இருந்தது. நாலாவது குப்பிக்கு மேல் அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். சோதனையில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் குடலில் ரத்தம் கசிந்து ஏற்கெனவே படுக்கையில் கிடந்தார்கள். பழைய வலி மாத்திரைகளின் வேலை என்று அங்கே நினைத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு, செய்ததை அவள் கைப்பட எழுதித் தரச் சொன்னார். எழுதினாள். கதவுச் சாவியைக் கேட்டார். கொடுத்தாள்.

அவள் வீடு திரும்பும்போது உச்சி வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கைக்குச் செய்தி வந்துவிட்டது. மருந்தை நிறுத்த வேண்டும், மூன்று மணிக்கு வந்துவிட வேண்டும், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கப் போகிறார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டிருந்தாள்.

"உக்காரு" என்றாள் தங்கை.

எலியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை துணியைப் போர்த்தினாள், முடியை நனைத்தாள், இடப்பக்கம் சீவி வெட்டத் தொடங்கினாள். கத்திரிக்கோலின் சத்தம் காதோரம் கேட்டது. மெலிந்த விரல்கள் முன்னெப்போதையும்விட வேகமாக ஓடின. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவே சொல்லட்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. எலியக்கா கண்ணாடியைப் பார்க்காமல், மடியில் விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த நீலக் கூண்டுல நடுவுல எத்தன செத்துது?" என்று கேட்டாள் தங்கை.

"ஒண்ணும் சாகல. நான் சாக விடல."

கத்திரிக்கோல் நின்றது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தங்கை லேசாகக் குனிந்தாள். வலி வந்துவிட்டதோ என்று எலியக்கா எழுந்திருக்கப் போனாள். தோளில் ஒரு கை அழுத்தி அவளைத் திரும்ப உட்கார வைத்தது. அந்தக் கையில் நல்ல பலம் இருந்தது.

"செத்திருந்தா நீ என்னைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்ட."

எலியக்கா தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டாத, கோணலாப் போயிடும்" என்றாள் தங்கை. "மணி ஒண்ணுதான ஆகுது. கை இருக்கும்போதே வலப்பக்கத்தையும் முடிச்சிடறேன்."